இடது காலணியின் ஒட்டு

அத்தியாயம் ஒன்பது

"இதை எழுதினவளுக்கு அந்த ஆளோட முகமே தெரியாது, நென்சா."

நோட்டரி பால்தோ ஐயா இப்படித்தான். காலை வணக்கம் சொல்வதற்கு முன்பே ஒரு முடிச்சைப் போட்டுவிட்டு நம் முகத்தைப் பார்ப்பார். நான் கூடையைக் கீழே வைத்தேன். ஈஸ்டர் முடிந்த வாரம். மொந்தலாரோ அரண்மனை மூன்று நாட்கள் விருந்து தின்று அழுக்காக்கிய மேசைத் துணியெல்லாம் எனக்காகக் குவிந்து கிடந்தது.

"யாரு எழுதினா, யாரோட முகம், என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க? வரிசையாச் சொல்லுங்க ஐயா. அங்க நாப்பது துணி ஊறுது."

"உக்காரு முதல்ல."

உட்கார்ந்தேன். இந்த அரண்மனையில் ஆண்கள் காலெடுத்து வைக்க முடியாத அறைகள் பதினொன்று. பதினொன்றிலும் புகுந்து அழுக்குத் துணி எடுத்து வருகிறவள் நான். பிரபுவுக்கு ஒரு சங்கடம் வந்தால் பால்தோ ஐயாவைக் கூப்பிடுவார். பால்தோ ஐயாவுக்குச் சங்கடம் வந்தால் என்னைக் கூப்பிடுவார். எனக்குச் சங்கடம் வந்தால் கூப்பிட ஆளில்லை, புருஷன் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

அவர் சொன்னது இது. அன்று விடிந்ததும் காரியஸ்தர் ரைனேரி, வாத்தியார் இலாரியோவின் அறையைக் குடைந்திருக்கிறார். பெட்டிக்குள் ஒரு கடிதம் கிடைத்திருக்கிறது. லத்தீனில் எழுதிய கடிதம். கையெழுத்து பிரபுவின் ஒரே மகள் டோனா ததேயாவுடையது. நண்பகல் மணிக்கு வால்செரா கோமகனின் தூதர் வந்து கல்யாணத்தை உறுதி செய்யப் போகிறார். அதற்குள் கடிதத்தின் கதை தெரிந்தாக வேண்டும் என்று பிரபு உத்தரவு போட்டிருக்கிறார்.

"உண்மையான காதல் கடிதம்னா?"

"வாத்தியாருக்குக் கயிறு. சின்னம்மாவுக்கு மடம். அதுவும் சுவர் எழுப்பி அடைக்கிற மடம். அங்க புத்தகம் கிடையாது, பேனா கிடையாது, பேச்சுக்கூடக் கிடையாது."

ததேயாவுக்கு இருபது வயது. முதலில் நிச்சயித்த பையன் காய்ச்சலில் போனான். இரண்டாவது நிச்சயம் சீர்வரிசைச் சண்டையில் முறிந்தது. நடுவில் இருந்த வருடங்களில் அந்தப் பெண் படித்துத் தீர்த்தாள். லத்தீன், கிரேக்கம், நட்சத்திரக் கணக்கு எல்லாம் தெரியும். விருந்தாளி வந்தால் பிரபு முதலில் குதிரை லாயத்தைக் காட்டுவார், அடுத்து மகளின் லத்தீனைக் காட்டுவார். இரண்டுக்கும் ஒரே பெருமைதான்.

"படிங்க, கேப்போம். லத்தீன்ல வேண்டாம், மனுஷ பாஷையில."

பால்தோ ஐயா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

*"ஐயா, ஆறு வருடமாக உங்கள் இடது காலணியை எனக்குத் தெரியும். அதன் ஓரத்தில் போட்ட ஒட்டு இரண்டு முறை பிரிந்தது, இரண்டு முறையும் வேறு வேறு நூலால் தைத்தீர்கள். மழை நாளில் நீங்கள் எந்த வழியாக வந்தீர்கள் என்று சகதியின் நிறம் சொல்லும். நான் நன்றாக எழுதிய நாட்களில் உங்கள் குதிகால் தரையை இரண்டு முறை தட்டும். நீங்கள் அறிந்து செய்வதில்லை. எனக்கும் புத்தி என்று ஒன்று இருக்கிறது என்பது அந்தத் தட்டில்தான் எனக்குத் தெரிந்தது. இனி என்னை எங்கோ அனுப்பிவிடுவார்கள். அங்கே யாரும் அப்படித் தட்டமாட்டார்கள். உங்கள்மேல் நான் வைத்த அன்புக்குப் பதில் எழுத வேண்டாம். வாசித்தீர்கள் என்பதற்கு அடையாளமாக நாளை இரண்டு முறை தட்டினால் போதும். லூக்கா திருநாளன்று."*



"காதல் கடிதம் எழுதத் தெரியல ஐயா சின்னம்மாவுக்கு. செருப்பு தைக்கிறவனுக்கு எழுதின மாதிரி இருக்கு."

"அதைத்தான் சொல்றேன். முழங்காலுக்கு மேல ஒரு வார்த்தை இருக்கா பாரு. கண்ணு, உதடு, முடி, ஒண்ணும் கிடையாது. எந்தப் பொண்ணு ஒரு ஆம்பளையை முழங்காலுக்குக் கீழ மட்டும் பாப்பா?"

"அடுப்படியில தரை துடைக்கிறவ."

"இல்லேன்னா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "கண்ணைத் தூக்கக் கூடாதுன்னு வளத்த பொண்ணு," என்றேன்.

"நீ மேல போ, நென்சா. எனக்கு ரெண்டு விஷயம் தெரியணும். அந்தப் பொண்ணு ஒரு நாளாவது நிமிர்ந்து பாத்திருக்காளா? போன அக்டோபர்ல, லூக்கா திருநாளுக்கு மறுநாள் அந்தக் குதிகால் தட்டுச்சா?"

* * *

பாட அறையில் மதோனா பிரிஜிதா பூத்தையலோடு உட்கார்ந்திருந்தாள். ததேயாவுக்கு நடை, இருப்பு, பார்வை சொல்லிக்கொடுக்கும் அம்மாள் அவள்தான். வாத்தியார் பாடம் நடத்தும் நேரமெல்லாம் காவலும் அவளே. லத்தீன் தெரியாது. பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

"ஆறு வருஷம்!" என்றாள் நான் கேட்டதும். "ஆறு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், அவ பார்வை நாலு முழத்தைத் தாண்டிப் போனதில்ல. தரையிலதான் இருக்கும். போய் பிரபுகிட்டச் சொல்லு. வேற யாரு வீட்டுப் பொண்ணாவது இப்படி இருக்கா?"

"இல்லவே இல்லம்மா. அது சரி, உங்க காலர்ல என்ன அது? திராட்சை ரசக் கறையா?"

"எங்க? எங்க?"

"பின்னால. தூதர் வர்ற நேரமாச்சேன்னு சொன்னேன். உப்பும் பாலும் போட்டா உடனே போயிடும்."

அவள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். கறை எதுவும் இல்லை. ஆனால் இல்லாத கறையைத் தேட எப்படியும் கொஞ்ச நேரம் ஆகும்.

ததேயா ஜன்னலருகே நின்றிருந்தாள். வெளியே பார்க்கவில்லை. ஜன்னலடித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூதருக்காகப் பச்சைப் பட்டு உடுத்தி முத்து வலை போட்டுத் தலைவாரி விட்டிருந்தார்கள்.

"நென்சா, அவரை என்ன பண்ணுவாங்க?" என்றாள். குரல் நடுங்கவில்லை. அதையும் பழக்கியிருப்பார்கள்.

"அதுக்குத்தான் வந்தேன் சின்னம்மா. நேரமில்ல, நேராக் கேக்கறேன். நீங்க எழுதினதா?"

"ஆமா. மத்த பாடங்களோட நடுவுல வெச்சுக் குடுத்தேன்."

"மறுநாள்?"

அவள் விரல்கள் பட்டுத் துணியை இறுக்கிப் பிடித்தன.

"தட்டல. காலணி அசையவே இல்ல. அதுக்கப்புறம் ஒரு நாள்கூடத் தட்டல நென்சா. நல்லா எழுதின நாள்லயும் தட்டல. வாசிச்சுட்டு, இவ இப்படிப்பட்டவளான்னு நினைச்சுட்டார்னு புரிஞ்சுக்கிட்டேன். ஆனாலும் யார்கிட்டயும் சொல்லல. கிழிச்சும் போடல. பெரிய மனுஷன்." நிமிராமலே தொடர்ந்தாள். "எழுதினவ நான்தான்னு அப்பாகிட்டச் சொல்லிடறேன். அவர் பதிலே சொல்லலன்னும் சொல்லிடறேன். அவரை விட்டுடுவாங்கல்ல?"

"விடமாட்டாங்க. உங்களையும் சேத்துப் புதைப்பாங்க. வாயைத் திறக்காதீங்க சின்னம்மா, உங்க கால்ல விழறேன்."

உள்ளேயிருந்து பிரிஜிதாவின் குரல் கேட்டது. "கறையே இல்லையேடி!"

"பாத்தீங்களா, பால் போட்டதும் போயிடுச்சு!" என்று கத்திவிட்டுப் படியிறங்கினேன்.

* * *

வாத்தியாரைக் கீழே காவலறையில் போட்டிருந்தார்கள். பேச விடவில்லை. அவருடைய அறை மாடத்துப் படிக்கட்டின் உச்சியில் இருந்தது. கால் கட்டைவிரல் வீக்கத்தோடு பால்தோ ஐயா படிக்கு ஒரு சாபம் விட்டுக்கொண்டு ஏறினார். கேட்டுவந்ததை நான் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"தட்டலையா?" அவர் அறை நடுவில் நின்றுவிட்டார். "ஆறு மாசமா ஒரு தடவைகூட? சரி. இங்க பாரு, என்ன தெரியுது?"

கட்டில், மேசை, பெட்டி. சுவரோரம் பதினாலு புத்தகம். அவற்றின் மேல் தூசி.

"கஷ்டப்பட்ட மனுஷன்னு தெரியுது."

"மெழுகுவத்தியைப் பாரு."

மேசையில் ஐந்து மெழுகுவர்த்தி இருந்தது. அத்தனையும் முழுசு. ஒரு திரிகூடக் கருகவில்லை. ஒன்றை எலி பாதி தின்றிருந்தது.

"சிக்கனம்," என்றேன்.

"குளிர்காலம் முழுக்கவா? நாலு மணிக்கே இருட்டுற ஊர்ல, ஒரு படிப்பாளியா?"

அப்போது என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. "ஐயா! மை! அவர் சட்டைக் கையில மை கிடையாது! முன்னல்லாம் இலாரியோ வாத்தியார் சட்டைன்னா எலுமிச்சை தேச்சு என் கை வெந்துபோகும். ரெண்டு வருஷமா ஒரு சொட்டு மை பாக்கல. அவரைக்கொட்டை சூப்புக் கறைதான் இருக்கு, நெஞ்சு முழுக்க. வயசாகுது, கை நடுங்குதுன்னு நினைச்சேன். அவருக்கு நாப்பதுகூட ஆகல."

பால்தோ ஐயா பெட்டியிலிருந்த பாடக் கட்டை அவிழ்த்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் ததேயா எழுதிய பாடங்கள். பழங்காலத்து ராணியாகத் தன்னை நினைத்துக்கொண்டு, போருக்குப் போன புருஷனுக்கோ கைவிட்டுப் போனவனுக்கோ லத்தீனில் கடிதம் எழுத வேண்டும். பெரிய இடத்துப் பெண்களுக்கு இப்படித்தான் உருக்கமாக எழுதப் பழக்குகிறார்கள். மனசு ராணியுடையது, இலக்கணம் பெண்ணுடையது. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையில் திருத்தம் இருந்தது.

"மொத நாலு வருஷம் சிவப்பு மை வாத்தியார் கையெழுத்து," என்றார் மெதுவாக. "கடைசி ரெண்டு வருஷம் சிவப்பு மையும் சின்னம்மா கையெழுத்து. இவ வாசிச்சிருக்கா. அவர் காதால கேட்டுத் திருத்தம் சொல்லியிருக்கார். அதையும் இவளே எழுதியிருக்கா."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"குருடா?"

"புரை விழுந்திருக்கும். சொன்னா வேலை போயிடும்னு மறைச்சிருக்கார். புத்தகமெல்லாம் மனப்பாடம், படியெல்லாம் எண்ணிக்கை. எதிர்ல உக்காந்து ஆறு வருஷம் படிச்ச பொண்ணுக்கே தெரியல. அவளைத்தான் நிமிரவே கூடாதுன்னு வளத்துட்டீங்களே."

"நானா வளத்தேன்?"

"சும்மா சொன்னேன்."

"அப்ப அந்தக் கடிதத்தை…"

"அவர் வாசிக்கவே இல்ல, நென்சா. அப்படி ஒண்ணு வந்ததே அவருக்குத் தெரியாது. பாடத்தோட பாடமா பெட்டியில போட்டுட்டார். குதிகால் ஏன் நின்னுபோச்சுன்னா, அந்த சமயத்துலதான் கடைசி வெளிச்சமும் போயிருக்கும். அப்புறம் அந்த மனுஷன் எதுக்குத் துள்ளுவார்?"

அங்கே ஒருத்தி ஆறு மாதமாக ஒரு காலணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு என்ன வந்தது என்றே தெரியாமல் எதிரே இருட்டில் ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. எலி தின்ற மெழுகுவர்த்தியைப் பார்த்து அழுத முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"முடிஞ்சுதே ஐயா! குருடருக்கு எழுதின கடிதம், அவர் வாசிக்கவே இல்லன்னு சொல்லிடுங்க. வாத்தியார் பிழைச்சார்."

"பிழைப்பார். ஆனா கடிதம் நிஜம்னு ஆயிடும். பொண்ணு மடத்துக்குப் போவா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னொரு வழி இருக்கு. இதுவும் ஒரு பாடம்தான், இதோ கட்டோட இருந்துதுன்னு சொல்லலாம். ரெண்டு பேரும் பிழைப்பாங்க. ஆனா அதுக்கு வாத்தியார் பிரபு முன்னால நின்னு, ஆமா நான் குடுத்த பாடம், நான் பாத்த பாடம்னு சொல்லணும். தன்கிட்ட என்ன இருந்துதுன்னே தெரியாத மனுஷன். முன்னாடியே போய்ச் சொல்லிவைக்கவும் காவல்காரன் விடமாட்டான்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"பயமா இருக்கு," என்றார் பால்தோ ஐயா. பத்து வருடப் பழக்கத்தில் அவர் வாயிலிருந்து இந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

* * *

பெரிய கூடத்தில் பிரபு உட்கார்ந்திருந்தார். சிவப்புத் தோல் காலணி, வெள்ளிக் கொக்கி. அதற்கு மேலே என்னைக் கேட்காதீர்கள். பிரபு முன்னால் துணி துவைக்கிறவள் தலை நிமிர்த்துவதில்லை. நாற்காலிக்குப் பின்னால் மஞ்சள் கூர்முனைக் காலணி, காரியஸ்தர் ரைனேரி. ஜன்னலோரம் பச்சை வெல்வெட் காலணி நுனி, ததேயா. அவளை ஒட்டிப் பிரிஜிதா. கூடத்தின் நடுவே பழுப்பேறிய காலணி ஒரு ஜோடி. இடது காலணி ஓரத்தில் ஒரு ஒட்டு, இரண்டு நூல், ஒன்று கறுப்பு, ஒன்று மஞ்சள்.

பாடக் கட்டைத் தூக்கிக்கொண்டு நான் பால்தோ ஐயாவுக்குப் பின்னால் ஜன்னல் பக்கமாக நின்றேன்.

"பிரபு, இது பாடம்," என்று தொடங்கினார் அவர். "சின்னம்மா வாராவாரம் இப்படி எழுதறது வழக்கம். இதோ, கப்பலேறிப் போனவனுக்கு ஒரு ராணி எழுதறா. இதோ, சிறையில இருக்கற புருஷனுக்கு ஒருத்தி. எல்லாத்துலயும் அன்பு, எல்லாத்துலயும் கண்ணீர். காரியஸ்தருக்குக் கிடைச்சதும் அதே கட்டுதான்."

"ராணிங்களா?" பிரபு குரலில் ஒரு நிம்மதி எட்டிப்பார்த்தது. "இதெல்லாம் என் பொண்ணு எழுதினதா? தூதருக்குக் காட்டலாமே!"

ரைனேரிக்குத் தெரிந்த லத்தீன் கோயில் ஜெபத்தோடு சரி. ஆனால் கண் கழுகு.

"ஒரு சந்தேகம் பிரபு. மத்த எல்லாத்துலயும் சிவப்பு மையில திருத்தம் இருக்கு. இது ஒண்ணுல மட்டும் ஏன் இல்ல? பாடம்னா வாத்தியார் பாத்திருக்கணுமே. அவர் கையில குடுங்க. இப்பவே, நம்ம முன்னாலயே படிச்சுத் திருத்தட்டும்."

மஞ்சள் காலணி நடந்து வந்தது. கடிதம் வாத்தியார் கைக்குப் போனது. மஞ்சள் காலணி நாற்காலிக்குப் பின்னால் திரும்பிப் போனது.

வாத்தியார் புத்திசாலி. வெளிச்சம் தேடுகிறவர் மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். மடிப்பைப் பிரித்து மார்புக்கு நேராகத் தாளைப் பிடித்தார். எழுதிய பக்கம் எங்களைப் பார்த்திருந்தது. வெற்றுப் பக்கம் அவரைப் பார்த்திருந்தது.

பிரபு இருந்த இடத்திலிருந்து தாளின் விளிம்பு மட்டும்தான் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது. பால்தோ ஐயாவுக்குத் தெரிந்தது. நாலு முழத்துக்குள் எது நடந்தாலும் பார்க்கப் பழகிய இன்னொருத்திக்கும் தெரிந்தது.

பச்சை வெல்வெட் நுனி அரை அடி பின்வாங்கியது. வாத்தியாரின் கட்டைவிரல் தாளின்மேல் எதையோ தேடிக்கொண்டே இருந்தது.

"என்ன, படிக்க முடியலையா?" என்றார் ரைனேரி.

பச்சை நுனி முன்னால் வந்தது. ஒரு எட்டு, இரண்டு எட்டு.

"வாத்தியாரய்யா," என்றாள் ததேயா. "பாடத்தை மாணவி வாசிப்பா, நீங்க கேட்டுத் திருத்துவீங்க. அதுதானே நம்ம வழக்கம்? இன்னைக்கு எதுக்கு மாத்தணும்?"

தாளை அவர் கையிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

"ஆமா சின்னம்மா," என்றார் வாத்தியார். "அதுதான் வழக்கம்."

அவள் வாசித்தாள். தகப்பன் முன்னால், பிரிஜிதா முன்னால், வாத்தியாரைத் தூக்கிலிடத் துடிக்கிற ஆள் முன்னால், தான் எழுதிய கடிதத்தைத் தானே அவருக்கு வாசித்தாள். எனக்கு லத்தீன் தெரியாது. ஆனால் காலையில் கேட்டது வரிக்கு வரி நினைவிலிருந்தது. இந்த இடம் ஒட்டு, இந்த இடம் சகதி, இந்த இடம் குதிகால் என்று அவள் குரலோடு கூடவே போனேன். பிசகில்லாத குரல். கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் தயங்கியது.

முதல் வரியிலேயே அந்தப் பழைய காலணி விறைத்து நின்றது. முடியும் வரை அசையவில்லை.

"திருத்தம் எங்க?" என்றார் ரைனேரி.

"ரெண்டு குறை இருக்கு," என்றார் வாத்தியார். "ஒண்ணு, இதை எழுதற ராணி தனக்குப் புத்தி இருக்கறது இன்னொருத்தரால தெரிஞ்சதுன்னு நினைக்கிறா. தப்பு. அது மொதல்லேர்ந்து அவளோடது. எந்த ஊருக்குப் போனாலும் அவளோடவே வரும். அடிச்சுட்டு மாத்தி எழுதணும்."

"ரெண்டாவது?"

"அது மாணவியோட குறை இல்ல பிரபு, என்னோடது. ஆறு மாசம் இந்தப் பாடத்தைப் பாக்காம பெட்டியில போட்டு வெச்சுட்டேன். அதான் சிவப்பு மை இல்ல. வேணும்னு செய்யல. மாணவி மன்னிக்கணும்."

"சரி, மன்னிச்சாச்சு. மொத்தத்துல எப்படி?" பிரபுவுக்குப் பசி நேரம்.

"மொத்தத்துல…"

அவர் முடிக்கவில்லை. இடது குதிகால் எழும்பியது. கல்தரையில் ஒரு முறை தட்டியது. நின்றது. மறுபடி ஒரு முறை தட்டியது.

"நல்லா எழுதியிருக்காங்க, பிரபு."

பச்சைப் பட்டின் விளிம்பு ஆடியது. பிரபு இருப்பதையும் மறந்து நான் தலையைத் தூக்கிவிட்டேன். எனக்கு முன்னால் ததேயாவின் முதுகு. முத்து வலை போட்ட அந்தத் தலை நிமிர்ந்துகொண்டே போனது. ஆறு வருடத்தில் முதல் முறையாக அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மெலிந்த முகம். வெள்ளை படர்ந்த கண்கள் அவளைப் பார்க்காமல் ஜன்னல் வெளிச்சம் இருந்த பக்கம் திரும்பியிருந்தன. கன்னம் நனைந்திருந்தது.

"கண்ணு கீழ!" என்று சீறினாள் பிரிஜிதா.

ததேயாவின் தலை தாழ்ந்தது.

பிரபு எழுந்து கைகளைத் தேய்த்துக்கொண்டார். "போதும் ரைனேரி, உன் சந்தேகத்தை நீயே வெச்சுக்க. ததேயா, தூதர் வந்ததும் இதையே வாசிச்சுக் காட்டு. எனக்கே என்னமோ செஞ்சுது. வாத்தியாரே, கல்யாணம் முடிவாகுது, இனிமே அவளுக்குப் பாடம் எதுக்கு? நீங்க இன்னைக்கே கிளம்பலாம்."

* * *

பால்தோ ஐயா தன் கோவேறு கழுதையையே கொடுத்தார். ஃபாயென்சாவில் வாத்தியாருக்கு ஒரு தங்கை இருந்தாள். நான் பதினாலு புத்தகத்தையும் துணியில் சுற்றிக் கட்டினேன். தூசி தட்டித்தான் கட்டினேன். எதற்குத் தட்டினேன் என்று தெரியவில்லை.

வாசலில் கழுதையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது நண்பகல் மணி அடித்தது. தூதரின் குதிரைகள் அப்போதுதான் உள்ளே போயிருந்தன. மணி ஓய்ந்து சற்று நேரத்தில் மேலே கூடத்து ஜன்னலிலிருந்து ததேயாவின் குரல் கேட்டது. லத்தீன். அதே கடிதம். இம்முறை கடைசி வரியிலும் தயங்கவில்லை. கைதட்டினார்கள்.

வாத்தியார் அது முடியும் வரை ஏறாமல் நின்றார்.

"வாத்தியாரய்யா," என்றேன். சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. "நீங்க தட்டினப்போ சின்னம்மா நிமிர்ந்து உங்க முகத்தைப் பாத்தாங்க. நல்லாப் பாத்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதேன்னு சொன்னேன்."

அவர் கழுதையின் கழுத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"எனக்குக் கண்ணு நல்லா இருந்த நாலு வருஷமும் அவங்க கீழயே பாத்துட்டிருந்தாங்க, நென்சா," என்றார். "ஒரு தடவைகூட நான் பாத்ததில்ல. அவங்க கண்ணு என்ன நிறம்?"

எதைக் கேட்டாலும் எனக்குப் பதில் உண்டு. இருபது வருடமாக அந்தப் பெண்ணின் உள்ளாடை முதல் கைக்குட்டை வரை துவைத்தவள் நான். காய்ச்சலில் எத்தனை தலையணை நனைந்தது என்று சொல்வேன். எந்தப் பக்கம் படுத்து அழுவாள் என்று சொல்வேன். ஆனால் அவள் என்னிடம் பேசும்போதும் தரையைத்தான் பார்த்தாள். அவளிடம் பேசும்போது நானும் தரையைத்தான் பார்த்தேன். அன்று அவள் நிமிர்ந்தபோதும் நான் நின்றது அவள் முதுகுக்குப் பின்னால்.

பால்தோ ஐயாவைப் பார்த்தேன். அவர் தெரியாது என்று தலையை ஆட்டினார்.

"சாம்பல் நிறம்," என்றேன். "மழைக்கு முன்னால வானம் இருக்குமே, அப்படி."

"சாம்பல்," என்றார் அவர். பாடம் மனப்பாடம் செய்கிறவர்போல இன்னொரு முறை மெல்லச் சொல்லிக்கொண்டார். பிறகு கழுதையில் ஏறினார். சரிவில் இறங்கி வளைவு திரும்பும் வரை அந்த இடது காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் சொன்னது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.